அழியாத பொட்டு

வெல்டிங் பட்டறை முதலாளி தணிகாசலத்துக்கு முகமூடி என்பது பீரோவில் பூட்டிவைக்கும் சாமான். போட்டால் தேய்ந்துவிடுமாம்! வெறுங்கண்ணோடு பற்றவைத்த குருவம்மாவுக்குக் கண் இரண்டும் சிவந்து நீர் வடிந்தது.

தொழிற்சாலை ஆய்வாளர் வாசலுக்கு வந்ததும், தணிகாசலம் அவசரமாக ஒரு முகமூடியை எடுத்து அவள் கையில் திணித்தார். "தினமும் போடுறேன்னு சொல்லு. இல்லேன்னா நாளையிலிருந்து வேலை கிடையாது."

ஆய்வாளர் கேட்டார்: "தினமும் இதைப் போடுறீங்களாம்மா?"

"போடுறேங்கய்யா," என்று முகமூடியை நீட்டினாள். "போன ஆயுத பூஜைக்குக் கண்ணாடி நடுவுல வச்ச சந்தனப் பொட்டுகூட அழியாம, அவ்வளவு பதனமாப் போடுறேன்."

ஆய்வாளர் காய்ந்த பொட்டைப் பார்த்தார். அவள் கண்களைப் பார்த்தார். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார்.

தணிகாசலத்துக்கு அந்த முகமூடியைப் பிடுங்கித் தானே மாட்டிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.