கரைகாத்தாள் வந்த நாள்

கப்பல் வணிகத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஆலங்கரைக்கு வந்து சேர்ந்தபோது நன்னாகருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. அங்கே ஏரிக்கரை ஓரம் ஒரு குடிசையில் அரியநாச்சி அம்மை இருந்தாள். அவரைவிட இளையவள். இருந்தும் அவளையே குருவாக ஏற்று அங்கேயே தங்கிவிட்டார்.

போன துறைமுகங்களிலெல்லாம் அவர் தெய்வக் கதைகள் கேட்டிருந்தார். ஒரு நாட்டில், வானம் இடிந்து விழாமல் ஒருவன் தோளில் தாங்கி நிற்கிறான். இன்னொரு நாட்டில் ஓர் ஆமை பூமியைச் சுமக்கிறது. ஆலங்கரையில் கரைகாத்தாள், ஏரிக்கரையைக் காக்கும் அம்மன்; கோயில் சிலையில் அவளுக்கு எட்டுக் கை. எப்போதோ ஒரு பெருமழையில் ஏரி உடைந்தபோது, அம்மன் ஓடி வந்து உடைப்பில் முதுகு கொடுத்து நின்றாளாம். வெள்ளம் அப்படியே அடங்கிவிட்டதாம்.

ஒருநாள் கேட்டார்.

"தாயே, இதெல்லாம் நடந்த கதையா, கட்டிய கதையா?"

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"தெரிந்தால் என்ன செய்வீர்?"

"நடந்தது என்றால் கும்பிடுவேன்."

"கட்டியது என்றால்?"

"ரசிப்பேன்."

"இரண்டுக்கும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நன்னாகருக்குச் சுருக்கென்றது.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. ஏரி விளிம்புவரை தளும்பி நின்றது. மிகுந்த நீர் வெளியேறும் கலங்கலில் வேரோடு வந்த மரங்கள் அடைத்துக்கொண்டன. ஒரு பகல் பொழுதில், கரையின் நடுவே மண் சரிந்து சேற்று நீர் கசிவதை நன்னாகர் பார்த்தார். ஊருக்குள் ஓடினார்.

எல்லா வீட்டுக் கதவும் சாத்திக் கிடந்தது. கோயில் வாசலில் பூசாரியும் அம்மையும் மட்டும் நின்றிருந்தார்கள்.

"கரைப் பக்கம் ஒருத்தரும் போகக் கூடாது" என்றார் பூசாரி. "அவள் வருகிற நேரம். மனிதக் கண் படக் கூடாது."

"போன முறை வந்ததை யார் கண்டு சொன்னார்கள்?" என்று கேட்டாள் அம்மை.

பூசாரி வாசலைவிட்டு விலகினார்.

அம்மை கோயில் முரசைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு நன்னாகரைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னிடம் ஒரு கேள்வி கேட்டீரே, அது இப்போது கரையில் இருக்கிறது. போம்."

நன்னாகர் ஆயுளில் ஒரு மூட்டை தூக்கியவர் இல்லை. தூக்க ஆள் வைத்தே பழகியவர். ஆனாலும் ஓடினார். கசிவு அதற்குள் வாயாகப் பிளந்திருந்தது. கரையடியில் கிடந்த வைக்கோல் கட்டொன்றை அதில் திணித்தார். தண்ணீர் அதைத் துப்பியது. மறுபடி திணித்து, திரும்பி, முதுகால் அழுத்திக் காலை மண்ணில் ஊன்றிக்கொண்டார். குளிர் எலும்பில் ஏறியது. இன்னும் கொஞ்ச நேரம்தான், கட்டோடு சேர்த்துத் தன்னையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும் என்று தெரிந்தது. விலகி ஓடிவிடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

அப்போது ஊருக்குள் முரசு அதிர்ந்தது.

முதலில் வந்தவள் குயவர் வீட்டுச் சடைச்சி. பானைக்குப் பிசைந்து வைத்த களிமண்ணைக் கூடையோடு தலையில் சுமந்து வந்தாள்.

"நகராதீங்க ஐயா!" என்று கத்திக்கொண்டே அவர் தோளருகில் மண்ணை அறைந்தாள்.

அவள் பின்னால் அவள் புருஷன். கட்டில் சட்டங்களை உருவிக்கொண்டு வந்தவர்கள். கதவையே பெயர்த்து எடுத்து வந்த ஒருவர். பார்வையில்லாத கிழவர் ஒருவர் வரிசையில் நின்று, கைக்கு வந்த கூடையை அடுத்த கைக்கு மாற்றினார். ஊரை அடங்கி இருக்கச் சொன்ன பூசாரி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோடரியோடு கலங்கல் பக்கம் இறங்கினார். அவரோடு பத்துப் பேர் இறங்கினார்கள். வெட்டு வெட்டென்று வெட்டினார்கள்.

அடைத்திருந்த மரம் ஒன்று முறிந்து புரண்டது. கலங்கல் வழியே ஏரி ஓவென்று இரைந்துகொண்டு ஓடையில் பாய்ந்தது. கரையை முட்டிக்கொண்டிருந்த தண்ணீர் கண்ணெதிரே இறங்கத் தொடங்கியது.

பெண்கள் குலவையிட்டார்கள். ஆண்கள் சேற்றோடு சேற்றாகக் கட்டிக்கொண்டார்கள். உடைப்பிலிருந்து நன்னாகரைப் பிடுங்கி எடுத்து, விறைத்துப்போன உடம்பைத் தேய்த்துவிட்டு, தோளில் தூக்கிக்கொண்டு கூத்தாடினார்கள்.

"வந்தாளே! கரைகாத்தாள் வந்தாளே!" என்று பூசாரி தொண்டை கிழியக் கூவினார். ஊரே திரும்பக் கூவியது.

இறக்கிவிட்டதும் நன்னாகர் அம்மையைத் தேடிப் போனார். அவள் முரசின் தோலிலிருந்து மழைநீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தாயே, கடைசிவரை உடைப்பில் இருந்தவன் நான். அவள் வந்தாள் என்கிறார்களே, என் கண்ணில் படவில்லையே."

"உம் முதுகு எந்தப் பக்கம் இருந்தது?"

"தண்ணீர்ப் பக்கம்."

"முகம்?"

"ஊர்ப் பக்கம்."

"என்ன தெரிந்தது?"

"கை" என்றார் நன்னாகர். "கை கையாக வந்துகொண்டே இருந்தது, தாயே. மண்ணோடும் மரத்தோடும். எத்தனை என்று சொல்லத் தெரியவில்லை."

அம்மை சிரித்தாள்.

"சிலையில் எட்டுதான் இருக்கிறது. சிற்பிக்குக் கல் போதவில்லை போலிருக்கிறது."