லூர்தம்மாளின் ஞாயிற்றுக்கிழமை

மாசிலாமணி டாக்டருக்கு அன்று தலைகால் புரியவில்லை. பின்னே? மீன்கார லூர்தம்மாளின் மணிக்கட்டு வழியாகவே குழாயை விட்டு, அடைத்துக் கிடந்த இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் அவரல்லவா! பல வருஷம் காய்ச்சல், சளி பார்த்துவிட்டு, நரைத்த மீசையோடு இதய மருத்துவம் படிக்க வந்தவர். குருவான வடிவாம்பாள் டாக்டரோ வயதில் அவரைவிடச் சின்னவர்.

"ஸ்டென்ட் ஜம்முனு இருக்கு மேடம். அதுல ரத்தம் உறையாம இருக்க, ஆஸ்பிரினோட இருக்கிறதிலேயே வீரியமான மாத்திரையும் கொடுத்திருக்கேன்."

"ஒழுங்கா சாப்பிடுறாங்களா?"

"தினமும் சாப்பிடுறாங்களாம்."

வடிவாம்பாள், மறுபரிசோதனைக்கு வந்து உட்கார்ந்திருந்த லூர்தம்மாள் பக்கம் திரும்பினார். "எங்க, கையை விரிங்கம்மா பாப்போம்."

தயங்கித் தயங்கி விரித்தாள். விரலெல்லாம் கீறல். கட்டைவிரல் துணிச்சுற்றில் ரத்தம் ஊறியிருந்தது.

"அருவாமனையில மீன் வெட்டுற கைம்மா. கீறாம இருக்குமா? முன்னெல்லாம் விரலை வாயில வச்சிட்டு அடுத்த மீனை எடுப்பேன். இப்பம் ரத்தம் நிக்கவே மாட்டேங்குது."

"ஞாயிற்றுக்கிழமை எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்றார் வடிவாம்பாள்.

லூர்தம்மாள் தலை குனிந்தாள். "அன்னைக்குத்தானே கூட்டம் அம்மும்! மீன்மேல என் ரத்தம் சொட்டினா யாரு வாங்குவா? சனிக்கிழமையே மாத்திரையை நிறுத்திருவேன். அதுக்கும் ஒரு நாள் லீவு வேண்டாமா?"

வாராவாரம் அந்த ஸ்டென்ட் காவலில்லாமல் கிடந்திருக்கிறது. அடைத்திருந்தால்?

"விளையாடுறீங்களா? உசிரு போயிரும்!" என்று மாசிலாமணி கத்தியேவிட்டார்.

"கடை போனாலும் உசிரு போயிரும் ஐயா."

மாசிலாமணி அவள் கையைப் பார்த்தார். அவர் நாடி பிடித்துப் பார்த்த கைதான் அது. திருப்பி உள்ளங்கையைப் பார்த்ததில்லை.

"ஸ்டென்ட் வச்ச முதல் மாசமா இருந்தா மாத்திரையை மாத்தவே மாட்டேன்," என்றார் வடிவாம்பாள். "இப்போ அதைத் தாண்டியாச்சு. ரத்தத்தைச் சோதிப்போம். வீரியம் குறைஞ்சது இவங்க உடம்புல வேலை செய்யுமான்னு தெரிஞ்சுரும்."

செய்யும் என்று முடிவு வந்தது. மாத்திரை மாறியது.

"இதுக்கு ஞாயிறும் கிடையாது, பெருநாளும் கிடையாது. சரியா?"

"மாதா மேல சத்தியம்மா."

அடுத்த முறை வந்தபோது, கேட்காமலே கையை விரித்துக் காட்டினாள். துணிச்சுற்று இல்லை. கீறல்கள் காய்ந்திருந்தன.

மாசிலாமணிக்கு ஒரே உற்சாகம். "புரிஞ்சுபோச்சு மேடம்! வெளியே காத்திருக்கிற சர்க்கரை நோயாளிக்கும் இந்த வீரியம் குறைஞ்ச மாத்திரையையே எழுதிடுறேன்."

"போன வாரம்தான் ரெண்டு குழாயில ஸ்டென்ட் வச்சிருக்கு. அவருக்கு வீரியமானதுதான் வேணும்."

"அப்போ பழையபடி அதையே எழுதிடவா?"

"எழுதுங்க," என்றார் வடிவாம்பாள். "அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்னைக்குன்னு கேட்டுட்டு எழுதுங்க."