குருடியாறு என்று பொறித்த கல்

மூன்று நாளாக ஆற்றோரமாகவே மேற்கே ஏறிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நடைச்சாமி, பின்னால் மாசிலாமணி. சாமி இவரைவிடப் பத்து வயது சின்னவர். ஊர் ஊராகத் திரியும் சாமியார்; ஓர் இடத்தில் கால் தரிக்காது, அதனால் ஊர் வைத்த பெயர் நடைச்சாமி. மாசிலாமணிக்கோ முழங்கால் வீங்கிவிட்டது. ஆனாலும் திரும்ப மாட்டார். ஈச்சங்காட்டில் வீம்பு என்றால் அவர் வீட்டைத்தான் கை காட்டுவார்கள்.

தகராறு ஆற்றின் பெயரில். ஈச்சங்காட்டில் அது குருடியாறு. பார்வையில்லாத ஒருத்தி கோலால் தட்டித் தட்டி ஊற்றைக் கண்டாள், ஆறு வந்தது, ஆற்றுக்குப் பின்னால் ஊர் வந்தது என்பது அவர்கள் கதை. கீழே, அந்தச் சிற்றாறு பெரிய ஆற்றோடு சேரும் இடத்தில் இருப்பது தோணிமேடு. அங்கே அதை ஈச்சங்காட்டாறு என்பார்கள். குருடியின் கதை அவர்கள் காதில் விழுந்ததே இல்லை.

குருடியம்மாவின் பெயரை அழிக்கிறார்களே என்று மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. 'குருடியாறு' என்று கல்லில் பொறித்து, வண்டியில் ஏற்றிப் போய், தோணிமேட்டுக் கரையிலேயே நட்டார். யாரைக் கேட்டு நட்டாய் என்று அவர்கள் அதைப் பிடுங்கி ஆற்றில் தள்ளினார்கள். இவர் அதே ஆற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளி, "எங்க பேரை ஒத்துக்கிற வரைக்கும் தோணிமேட்டை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். மகள் செவ்வந்தியைக் கட்டிக்கொடுத்த ஊர் அது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஆயிற்று, இரண்டு வருஷம். அப்பா வராமல் தானும் வருவதில்லை என்று செவ்வந்தி பிரசவத்துக்குக்கூட வரவில்லை. பேரனை இவர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. வருகிற தையில் அவனுக்குக் காதுகுத்து. செவ்வந்திக்கு உடன்பிறந்தவன் கிடையாது. குழந்தையை உட்காரவைக்க இவர் மடிதான். நீங்கள் வராவிட்டால் காது குத்துவதாக இல்லை என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஊற்றுக்குப் பக்கத்தில் யாராவது ஒருவர் குருடியின் பெயரைச் சொன்னால் போதும், சாமியே சாட்சி, தோணிமேட்டார் ஒத்துக்கொள்வார்கள். இதை நம்பித்தான் இந்த நடை.

ஊற்று ஒரு பாறையிடுக்கில் கசிந்துகொண்டிருந்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லை. பக்கத்தில் ஒரு பெண் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஆத்துக்குப் பேரு என்னம்மா?" என்றார் மாசிலாமணி.

"பேரா? இந்த மலையில தண்ணி இது ஒண்ணுதான். பேரு எதுக்கு?"

"குருடியம்மான்னு கேள்விப்பட்டிருக்கியா?"

"இல்லீங்களே."

அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். மாசிலாமணி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாறையில் உட்கார்ந்தார். அழுகை வந்தது. அழவும் தெம்பில்லை.

"அலுத்துப்போச்சு சாமி. இனிமே எதைச் சொல்லிக்கிட்டு அந்த ஊருக்குள்ள போவேன்?"

சாமி ஓர் இலையை மடித்துத் தண்ணீர் பிடித்தார். அது நிறைய வெகு நேரம் ஆனது. அதை அவரிடம் நீட்டினார்.

"உங்க மகளுக்கு யார் பேர் வச்சது?"

"நான்தான். எங்கம்மா பேரு, செவ்வந்தி."

"தோணிமேட்டுல அப்படித்தான் கூப்பிடுறாங்களா?"

"இல்ல சாமி. அங்க அவ ஈச்சங்காட்டுக்காரி."

"உங்கம்மா பேரை அழிச்சிட்டாங்களே. ஒரு கல்லு கொண்டுபோய் நட்டிருக்கலாமே."

மாசிலாமணிக்கு அந்த அலுப்பிலும் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்குப் போயி கல்லு நடுவாங்களா சாமி? வாக்கப்பட்டு வந்தவளப் பொறந்த ஊரு பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. அது அவங்க வழக்கம். நம்ம ஊருக்கு அது ஒரு மரியாதைதானே."

சாமி எழுந்து, கிடந்த செருப்பை எடுத்து அவர் காலருகில் வைத்தார்.

"ஆறும் அந்த ஊருக்குத்தான் வாக்கப்பட்டுப் போயிருக்கு, மாசிலாமணி."