செம்போத்துக்கு அடி மாறியது

விரிகோட்டை அரண்மனையில் செம்போத்து என்று ஒரு வண்டி இருந்தது. தேர் மாதிரி உயரம். ஆனால் கடைத்தெருச் சந்துக்குள்ளும் நுழைந்துவிடும். புதிதாகப் பட்டம் சூடும் ராஜா முதல் உலா போவது அதில்தான். வேறு வண்டியில் போனால் ஊர் அவரை ராஜா என்று ஒப்புக்கொள்ளாது.

தாத்தா ராஜா காலத்தில் அதற்கு மாட்டுவண்டியின் அடிச்சட்டம். அப்பா ராஜா குதிரை பூட்ட ஆசைப்பட்டார், சட்டத்தை மாற்றினார்கள். பேரன் செண்டலங்கார ராஜா பட்டம் சூடியதும் ஏறி உட்கார்ந்து பார்த்தார். வண்டி ஆடிய ஆட்டத்தில், காலையில் சாப்பிட்ட பொங்கல் வெளியே வந்துவிட்டது.

அரண்மனைத் தச்சர் பூவலிங்க ஆசாரியைக் கூப்பிட்டார்.

“ஆசாரியாரே, இனி ஆடக் கூடாது. கால் நீட்ட இடம் வேண்டும். ராணியும் பக்கத்தில் உட்கார வேண்டும். ஆனால் இது எங்கள் செம்போத்தாகவே இருக்க வேண்டும். அச்சு அசல்!”

“மாத்தணும், ஆனா மாறக் கூடாது. அப்படித்தானே மகாராஜா?”

“அதேதான். புத்திசாலி!”

ஆசாரி தலையைச் சொறிந்துகொண்டே போனார். ஒரு மாதம் பட்டறையை விட்டு வெளியே வரவில்லை. புது அடிச்சட்டம் செய்தார். நீளம் கூட, அகலம் கூட, சக்கரத்துக்குச் சக்கரம் இடைவெளியும் கூட. மேலே பழைய செம்புக் கூரை, பழைய சிவப்புத் திரை, முகப்பில் பழைய மரப்பறவை எல்லாவற்றையும் அப்படியே தூக்கி வைத்தார்.

உலாவுக்கு முதல் நாள் வண்டி சபைக்கு முன் வந்து நின்றது. மந்திரி அனந்தகிரி ஓர் அளவு நூலோடு சபைப் படியிறங்கி வந்தார். வாழ்நாளில் உளியைத் தொடாத மனிதர். அடுத்தவன் வேலையை அளக்க மட்டும் மடியில் எப்போதும் நூல் இருக்கும். இந்த மாதிரி ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. விரிகோட்டையில் மந்திரியாக இருந்தார், அவ்வளவுதான். ஆசாரியின் பட்டறையைத் தன் மைத்துனனுக்கு வாங்கிக் கொடுக்க மூன்று வருடமாகக் காத்திருந்தார்.

குனிந்து அளந்தார். நிமிர்ந்து சிரித்தார்.

“மகாராஜா, அச்சு அசல் கேட்டீர்கள். அச்சு இரண்டு சாண் நீண்டுவிட்டது. அசலைத்தான் காணோம். இது வேறு ஏதோ வண்டி; செம்போத்தின் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நாளை இதில் போனால் ஊர் சிரிக்கும்.”

ராஜாவின் முகம் வாடியது. “ஆசாரி, என்னையே ஏமாற்றினீரா? பட்டறைச் சாவியை மந்திரியிடம் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போம்!”

“அடியை மாத்தாம ஆட்டம் எப்படி நிக்கும் மகாராஜா?” என்றார் ஆசாரி.

சபையில் வேடிக்கை பேசிச் சம்பளம் வாங்கும் உலகப்பன் முன்னால் வந்தான்.

“மந்திரியாரே, ஒரு சந்தேகம். மேலே எல்லாம் பழையதுதான். அடியில் இருப்பது மட்டும் மாறினால் அது வேறா?”

“வேறுதான்.”

“பெயர் அதேயாக இருந்தாலும்?”

“பெயரை எதற்கு வேண்டுமானாலும் வைக்கலாமே!”

“எல்லாவற்றுக்கும் இதே நியாயமா?”

“எல்லாவற்றுக்கும்!”

“அந்த நூலைக் கொஞ்சம் கொடுங்கள்.”

வாங்கிக்கொண்டு நேரே சிம்மாசனத்துக்குப் போனான். “மகாராஜா, சற்றே குனியுங்கள்.” கிரீடத்தைக் கழற்றினான். உள்ளிருந்து ஒரு பிடி பஞ்சு விழுந்தது. கிரீடத்தின் உள்பக்கத்தை அளந்தான். ராஜாவின் தலையை அளந்தான். கிரீடத்தைத் திரும்ப வைத்தான். பஞ்சைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

“இது தாத்தாவுக்குச் செய்த கிரீடம். அப்பாவுக்குத் தலை பெரிது. தட்டான் தட்டி விரித்துக் கொடுத்தான். உங்களுக்குத் தலை சிறிது, பஞ்சு அடைத்தார்கள். மேலே இருப்பது அதே கிரீடம். அடியில் இருப்பது மூன்றாவது தலை. மந்திரியார் நியாயப்படி, இங்கே உட்கார்ந்திருப்பவர்…”

“ஐயோ, நான் அப்படிச் சொல்லவில்லை!” என்று பதறினார் மந்திரி. “ராஜா ராஜாதான்!”

“அடி மாறியுமா?”

மந்திரி தூணைப் பார்த்தார்.

ராஜாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. “உலகப்பா, நீ சொல். நான் அதே ராஜாவா, வேறு ராஜாவா?”

“தலைமுறை என்று அதற்குத்தானே மகாராஜா பெயர் வைத்தார்கள்! முறை அப்படியே இருக்கும். தலைதான் மாறும்.”

ராஜா சிரித்த சிரிப்பில், பஞ்சில்லாத கிரீடம் வழுக்கி மூக்கு வரை இறங்கிவிட்டது. அதற்குள்ளிருந்தே குரல் வந்தது:

“பட்டறை ஆசாரிக்கே!”