வெள்ளைச் சுவர்

இருதயராஜுக்குக் கண் எரிந்தது. பல நாள் சரியாகத் தூங்காத கண்.

கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திவிட்டு, ஐம்பது வயதில் இந்த வேலை கற்க வந்தவர். குரு செண்பகா அவரைவிட ரொம்ப இளையவள். பக்கவாதத்தில் கால் இழுத்துக்கொண்டவர்களுக்கு மெய்நிகர் கண்ணாடி மாட்டி நடை பழக்கும் இடம் அது. தலை எப்படி அசைகிறது என்று கண்ணாடிக்குள் இருக்கும் சென்சார் கணக்குப் போடும். அதற்கேற்ப உள்ளே தெரியும் தெருவும் நகரும்.

"தரை நழுவுதுங்க" என்று பொற்கொடியம்மாள் வந்த நாளிலேயே சொன்னார். பிரமை, பழகிவிடும் என்று இருதயராஜ் சமாதானம் சொன்னார். நேற்று அந்த அம்மாள் விழப்போனார். இனி இதைத் தொடமாட்டேன் என்று அழுதவரை, செண்பகாதான் கெஞ்சிக் கடைசியாக ஒரு தடவை வரச் சொல்லியிருந்தாள். இன்றும் நழுவினால் அந்தக் கால் அவ்வளவுதான்.

"என்னால முடியல மேடம். கணக்கைத் திருப்பித் திருப்பிப் பாத்தாச்சு, தப்பே இல்லை. அப்புறம் ஏங்க நழுவுது?"

"கண்ணை மூடிக்கிட்டு, நின்ன இடத்துலயே நடங்க சார்."

ஓய்ந்துபோன மனிதரிடம் இப்படிச் சொன்னால் எரிச்சல் வராதா? வந்தது. ஆனாலும் மூடினார், கால்களை மாற்றி மாற்றி வைத்தார்.

"போதும். திறங்க."

ஜன்னலைப் பார்த்து நின்றவருக்கு இப்போது மூக்குக்கு நேரே கதவு.

"நான் நகரவே இல்லையே!"

"ஒவ்வொரு அடியும் சரியாத்தான் வெச்சீங்க. இம்மி இம்மியா சேந்திருச்சு."

"சென்சாரும் அப்படித்தான்னு வைங்க. ஆனா கண்ணாடியில கேமரா இருக்கே? அது சுவரைப் பாத்துத் திருத்தணுமில்ல?"

"எதைப் பாத்து?"

இருதயராஜ் சுற்றிப் பார்த்தார். நாலு பக்கமும் பளிச்சென்று வெள்ளை; கேமரா அடையாளம் வைத்துக்கொள்ள ஒரு புள்ளிகூட இல்லை. காலண்டர், கடிகாரம், உடற்பயிற்சிப் படம் எல்லாவற்றையும் கழற்றி வெள்ளையடிக்கச் சொன்னதே அவர்தான். அறை சுத்தமாக இருந்தால் கணக்கும் சுத்தமாக வரும் என்று நம்பிய மகராசன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஸ்டோர் ரூமுக்குப் போய்க் காலண்டரைத் தானே தூக்கி வந்து மாட்டினார். பிறகு படங்களை. செண்பகா தன் பூப்போட்ட துப்பட்டாவை ஜன்னல் கம்பியில் கட்டினாள்.

பொற்கொடியம்மாள் வந்தார். கண்ணாடியை மாட்டியதும் செண்பகாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஒரு அடி வைத்து நின்றார். இன்னொரு அடி.

"நிக்குதுங்க" என்றார். "தரை நிக்குது!"

கையை விட்டுவிட்டு அறையின் கோடி வரை போய்த் திரும்பினார்.

அந்த அம்மாளை அனுப்பிவிட்டு வந்து இருதயராஜ் நாற்காலியில் சாய்ந்தார். சந்தோஷத்துக்குக்கூடத் தெம்பு இல்லை.

"இன்னைக்குச் சுவரு. நாளைக்கு வேற எதுவோ. அப்பவும் கணக்கு சரின்னுதான் காட்டும். நழுவுறது எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

செண்பகா துப்பட்டாவை அவிழ்க்காமல் அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

"அந்தம்மா முதல் நாளே சொன்னாங்களே, சார்."