திருப்பிக் கொண்டா

குதிரைங்க வாயத் தொறந்து நியாயம் பேசிட்டுத் திரிஞ்ச அந்தக் காலத்துல, எக்காளம்னா மூணு முழ நீளத்துக்கு, கம்பு மாதிரி நேரா இருக்கும். தரையில நின்னு ஊதுறவனுக்கு அது சரி. குதிரை மேல உக்காந்து ஊதுறவனுக்கு?

அதச் செவலைங்குற குதிரையத்தான் கேக்கணும். தளவாய் மாவலி அது முதுகுல ஏறி எக்காளத்த வாயில வச்சா, குழாய் நேரா அதோட வலது காது மேல வந்து கெடக்கும். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் மடேர்னு ஒரு அடி. காது கிழிஞ்சே போச்சு. வலி தாங்காம அது தலைய உதறும், ஊதுற சத்தம் பாதியில பிசிறடிக்கும், படை மொத்தமும் சிரிக்கும்.

தளவாய்க்கு ரோஷம் வந்துடுச்சு. "நாளைக்குப் படை கெளம்புறதுக்குள்ள அந்தக் காத அறுத்துடுங்க"ன்னாரு.

"ஐயா, குழாய் நீளமா இருந்தா என் காது என்னய்யா பண்ணும்?"

"எக்காளம் எங்க பாட்டன் ஊதுனது. உன் காது நேத்து மொளச்சது. பேசாத."

அவ்ளோதான் விசாரணை. முடிஞ்சுது.

எக்காளம் அப்ப பித்தளை வேலை பாக்குற ஆவுடையோட பட்டறையில இருந்துச்சு. அதோட வாயில விழுந்த நசுங்கலத் தட்டி எடுக்கக் குடுத்திருந்தாங்க. தளவாய் செவலையவே ஏவுனாரு: "போயி எக்காளத்தத் திருப்பிக் கொண்டா."

வழி முழுக்கச் செவலை அந்த ரெண்டு வார்த்தையவே மென்னுச்சு. திருப்பி. கொண்டா.

"அக்கா, தளவாய் எக்காளத்தத் திருப்பிக் கொண்டாரச் சொன்னாரு."

"தட்டியாச்சு. எடுத்துட்டுப் போ."

"எடுத்துட்டு வரச் சொல்லலக்கா. திருப்பிக் கொண்டாரச் சொன்னாரு."

ஆவுடை குழாயப் பாத்தா. செவலையோட கிழிஞ்ச காதப் பாத்தா.

"வெறுங்குழாயத் திருப்புனா நசுங்கிப் போயிடும், கழுதை"ன்னு சொல்லிட்டு, குழாயப் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டா. ஈயத்த உருக்கி உள்ள ஊத்தி இறுக வச்சா. ஒரு உருளைக்கட்டையில அணைச்சு, மெதுவா ஒரு திருப்பு. எதிர்ப்பக்கம் இன்னொரு திருப்பு. அப்புறம் நெருப்புல காட்டி ஈயத்த ஒழுகவிட்டா. மூணு முழம் ஒரு முழமாச்சு.

காலையில அதப் பாத்துட்டுத் தளவாய் குதிச்சாரு. "திருப்பிக் கொண்டான்னா இதுவா அர்த்தம்!"

"நீங்க சொன்னத ஒரு எழுத்து மாத்தலய்யா."

காத அறுக்க வந்தவன் கத்தியோட நின்னான். வேற எக்காளம் இல்ல. தளவாய் பல்லக் கடிச்சுக்கிட்டு ஏறி உக்காந்து ஊதுனாரு. சத்தம் கொஞ்சங்கூடக் கொறையல. பிசிறடிக்கல. குழாய் காதத் தொடவே இல்ல. கத்தி உறைக்குள்ள போச்சு.

தோத்தத ஒத்துக்குவாரா மனுசன்? "பேச்சுல சொன்னாத்தானே ரெண்டு அர்த்தம் எடுக்குற? இனிமே குதிரைக்குப் பேச்சே கெடையாது. ஊதுறதுதான் உத்தரவு!"

"சரிங்கய்யா"ன்னுச்சு செவலை. குதிரைங்க பேசுன கடைசிப் பேச்சு அதுதான்.

குதிரைப்படை எக்காளம் ரெண்டு மடிப்பாத் திரும்பி நிக்கிறது அன்னையிலேருந்துதான். அத ஊதுனா குதிரை வாயத் தொறக்காம, காத மட்டும் திருப்புறதும் அன்னையிலேருந்துதான்.