வழுக்கியின் இடுப்பும் வயிறும்

ஆற்றோர நாணல் காட்டில் வழுக்கி என்றொரு நீர்நாய் இருந்தது. அதற்கு மூன்று குட்டிகள். கோடையில் ஆறு வற்றினால், வளைவிலுள்ள மடுவில் மட்டும்தான் ஆழமாகத் தண்ணீர் நிற்கும். அந்த மடு எந்தக் கரை நீர்நாய்களுக்கு என்பதை மாசி மாத நீச்சல் பந்தயம் முடிவு செய்யும். தென்கரைக்காக வழுக்கி நீந்தும், வடகரைக்காகக் கருமூக்கன் நீந்தும். தோற்ற கரைக்குச் சேற்றுக் குட்டைதான்.

போன வருஷம் வழுக்கி ஜெயித்தது. இந்த வருஷம் பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அதற்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் வேகமாக நீந்தினாலே அடிமுதுகு கட்டை மாதிரி இறுகிவிடும். திரும்பினால் உயிர் போய் உயிர் வரும். தென்கரையில் அதைவிட்டால் வேகமாக நீந்த ஆளில்லை. குட்டிகள் மடுவில் முழுகி விளையாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் வழுக்கி சேற்றுக் குட்டையை நினைத்துக்கொண்டது.

யாரிடம் கேட்பது? முதுகைப் பற்றித் தெரிந்தவர் என்றால், உடம்பெல்லாம் முதுகாகவே இருக்கும் தண்ணீர்ப் பாம்புதானே! வழுக்கி ரகசியமாகப் போய்க் கேட்டது.

"இவ்வளவுதானா தங்கச்சி? பிடிச்ச இடத்தை நல்லா வளைச்சு விடு. நான் பொறந்ததுல இருந்து வளைஞ்சுக்கிட்டுதான் இருக்கேன். ஒரு நாளும் வலிச்சதில்ல" என்றது பாம்பு.

வழுக்கி பாறை விளிம்பில் மல்லாந்து தொங்கி இடுப்பைப் பின்னால் வளைத்தது. அப்போதைக்குச் சுகமாக இருந்தது. மறுநாள் காலை எழுந்திருக்கவே முடியவில்லை. வளைத்தது போதவில்லையோ என்று பயந்து, இன்னும் அதிகமாக வளைத்தது.

ஐந்தாம் நாள் கருமூக்கன் அந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டது. வழுக்கி தடுமாறிப் பாறையை விட்டு இறங்கியது. ஆனால் கருமூக்கன் சிரிக்கவில்லை.

"உன் முதுகுல குத்தமில்ல வழுக்கி. நீந்தும்போது உன் வயிறு தொங்குது. வயிறு தாங்க வேண்டியதையும் சேர்த்து முதுகே தாங்குது. பின்ன பிடிக்காம என்ன செய்யும்?"

அது மணலில் மல்லாந்து படுத்துச் செய்தும் காட்டியது. நாலு காலையும் மேலே தூக்கியது. அடிமுதுகு மணலை விட்டு எழும்பாதபடி வயிற்றை இறுக்கிக்கொண்டு, ஒரு முன்னங்காலையும் எதிர்ப்பக்கத்துப் பின்னங்காலையும் மெதுவாக இறக்கியது. பிறகு மறுபக்கம். மூச்சைப் பிடிக்கக் கூடாது, அவசரப்படக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனது.

வழுக்கி அதை நம்பவில்லை. எதிராக நீந்துகிறவன் எதற்கு வைத்தியம் சொல்வான்? தன்னை முடக்கிப்போடத்தான் என்று முடிவு கட்டியது. வயிற்றை மறந்துவிட்டு மறுபடியும் பாறைக்கே போனது.

பந்தயத்தில் வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டு, பாதி தூரம் வரை வழுக்கிதான் முன்னால் நீந்தியது. நாணல் புதரைச் சுற்றித் திரும்பியதும் இடுப்பு பூட்டிக்கொண்டது. பின்னங்கால் அசையவில்லை. கருமூக்கன் கடந்து போவதைப் பார்த்தபடியே முன்னங்காலால் துழாவிக் கரையேறியது.

"எனக்கு ஏன் வழி சொன்னே?" என்று கருமூக்கனிடம் கேட்டது.

"போன வருஷம் இதே திருப்பத்துல எனக்கு இடுப்பு பூட்டிக்கிச்சு. அதனாலதான் நீ ஜெயிச்சே. என் குட்டிங்க சேத்துல கெடந்துச்சுங்க. அந்தக் கோடை முழுக்க நான் வயித்தைத்தான் பழக்கினேன். அந்த வலி எனக்குத் தெரியும்."

தன் வேகத்தால் ஜெயித்ததாக வழுக்கி ஒரு வருஷமாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தது! மடுவை விட்டுத் தர முடியாது என்று கருமூக்கன் தயங்கித் தயங்கிச் சொன்னது. வழுக்கியும் கேட்கவில்லை. குட்டிகளை அழைத்துக்கொண்டு சேற்றுக் குட்டைக்கு நடந்தது.

நோகிற இடத்தையே வாட்டிக்கொண்டிராமல், அது யாருடைய வேலையைச் சேர்த்துச் செய்கிறது என்று பார்ப்பவருக்கே நோவு தீரும்.